நடுச்சாமத்துச் சாமியாட்டம்

மருமவனே, நல்ல சேதி கேள்விப்பட்டேன். ஈசிஜி சரி, எக்கோ சரி, பட்டையில ஓடவிட்டுப் பாத்தாகளே அந்த டிரெட்மில்லும் சரி. ‘நெஞ்சு நல்லாருக்கு, வீட்டுக்குப் போங்க’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட டாக்டர நீ மொறைச்சிட்டு வந்தேன்னு எங்க அக்கா சொல்லுதா. ஏம்லே, சின்னதா ஒரு அடைப்பாவது இருந்திருக்கணும்னு நெனச்சியா? அவ்வளவு ரூவா கட்டியும் கைக்கு ஒண்ணும் வரலியேன்னு வருத்தமா?

நான் டாக்டர் இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துல காலம் பூரா மாத்திரை எண்ணிக் குடுத்த கம்பவுண்டர். ஆனா நோயாளி டாக்டர்கிட்ட சொல்லுதது பாதி, வெளிய வந்து கம்பவுண்டர்கிட்ட சொல்லுதது மீதி. அந்த மீதிக் கதை எங்கிட்ட நெறைய கெடக்கு. அதுல ஒன் கதைய எத்தனையோ பேரு சொல்லக் கேட்டிருக்கேன். நீ என்னமோ ஒலகத்துல ஒனக்கு மட்டும் வந்த சீக்குன்னு பெருமைப்பட்டுக்கிடாத.

பதினோரு மணிக்குப் படுக்கே. ஒண்ணு ஒண்ணரைக்குத் துள்ளி எந்திரிச்சி உக்காருதே. நெஞ்சு திடுதிடுன்னு அடிக்குது, கை வெடவெடங்குது, சட்டை நனையுது, வெரல் நுனி மரத்துப்போவுது. ‘செத்தேன்’னு தோணுது. ஒன் பொண்டாட்டி, அந்தப் புள்ள பாவம், அரைத் தூக்கத்துல எந்திரிச்சித் தண்ணி கொண்டாந்து நீட்டுதா. நீ தண்ணியக் குடிக்கியா? இல்ல. மணிக்கட்டுல கட்டியிருக்கியே வாட்ச்சு, அதப் பாக்கே. 118-னு காட்டுது. ஐயோ 118-ஆன்னு பதறுதே. மறுபடி பாக்கே, 130. ஒடனே போன எடுத்து ‘ராத்திரி நெஞ்சு படபடப்பு’ன்னு தட்டுதே. அதுல ஒலகத்துல உள்ள அத்தன நோயும் வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணையும் வாசிச்சி, இதுவும் நமக்கு இருக்கு, அதுவும் நமக்கு இருக்குன்னு எடுத்துக்கிடுதே. இப்ப 140. இதுல வாட்ச்சு மேல என்னலே தப்பு?

இதுக்கு நடுவுல எங்க அக்கா வேற, பேய் அமுக்குதுன்னு சொல்லி தலகாணிக்கு அடியில அருவா வைக்கச் சொல்லியிருக்கா. ஏழாவது மாடி ஃபிளாட்டுல அருவாளுக்கு எங்க போவன்னு நீ ஆன்லைன்ல தேடுனியாமே! படிச்ச புள்ள. அமுக்குவான் பேய் கதையே வேற. அதுல கண்ணு முழிச்சிருக்கும், கை கால அசைக்க முடியாது. கனவு காணுத தூக்கத்துல ஒடம்புச் சதையெல்லாம் தளந்து கெடக்கும். அது இறுகுததுக்கு முந்தி அறிவு மட்டும் முழிச்சிக்கிட்டா அந்தக் கூத்து. நீதான் கட்டில்ல இருந்து குதிக்கியே, ஒன்ன எவன் அமுக்குதான்? ஒனக்கு வாரது கனவுலயும் இல்ல. தூங்குன மொத மூணு மணி நேரத்துக்குள்ள, லேசான தூக்கத்துல இருந்து ஆழத்துக்கு எறங்குத நேரத்துலதான் பெரும்பாலும் இது வரும். கெட்ட கனவு மேல பழியப் போடாத.

அப்ப என்னதான் அது? ஒரு கதை சொல்லுதேன்.

எங்க ஆஸ்பத்திரி அவசர டிரேயில மொத ஆளா நிக்கிறது அட்ரினலின் ஆம்பூல். ஒரு மில்லி தண்ணி மருந்து, அதுல சத்து 1 மில்லிகிராம். ஒருநாள் பனையேறி ஒருத்தர நார்க்கட்டிலோட தூக்கிட்டு வந்தாக. கதண்டு கொட்டிருச்சி. ஒதடு வீங்கி, ஒடம்பு பூரா தடிச்சி, மூச்சு விட முடியல, நாடி அடங்கிக்கிட்டிருக்கு. டாக்டரம்மா ‘அரை மில்லி, தொடையில’ன்னாக. ஆம்பூல் கழுத்த நான் ஒடச்சேன். பத்து நிமிசத்துல மூச்சு திரும்பிட்டு. நாங்க எல்லாரும் அப்பாடான்னு இருக்கோம், அவரு எங்கையக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு, ‘ஐயா, நெஞ்சு இப்பிடி அடிக்குதே, கை ஆடுதே, கொட்டுனப்பகூட இம்புட்டுப் பயம் வரலியே, செத்துருவேனோ’ங்காரு. உசுரத் திருப்பிக் குடுத்த மருந்துதான் அந்த ஆட்டத்தையும் ஆட்டுச்சி. கொஞ்ச நேரம் போச்சி, ஆட்டம் அடங்கிச்சி, டீ கேட்டாரு.

அந்த மருந்த 1901-ல ஆட்டு மாட்டுச் சுரப்பியில இருந்து பிரிச்சி எடுத்தேன்னு சொன்னவரு தக்காமினேன்னு ஒரு சப்பான்காரரு. ஒனக்கு ஆடும் வேண்டாம் மாடும் வேண்டாம். ஒன் கிட்னி ரெண்டுக்கும் மேல தொப்பி போட்டாப்ல ஒக்காந்திருக்கு ரெண்டு சுரப்பி. அது அதே சரக்க ஓசியில ஊத்துது. பாம்பு வந்தா ஓடணும், இல்ல அடிக்கணும், அதுக்கு வச்சது. ராத்திரியில மூச்சும் நாடியும் லேசா ஏறி எறங்கத்தான் செய்யும், அது எல்லாருக்கும் உள்ளது. அத ஒன் மூளை ஆபத்துன்னு எடுத்துக்கிட்டு மணி அடிக்குதுன்னு பெரிய டாக்டர்மாரு சொல்லுதாக. ஆக, பனையேறிக்குக் கதண்டு கொட்டிச்சி. ஒனக்கு ஏசிக் காத்து கொட்டிச்சி.

இது பயந்தாங்கொள்ளிக்கு வாரதுன்னு ஒன் சகலை சிரிச்சானாமே, அவங்கிட்ட சொல்லு: அமெரிக்காவுல உள்நாட்டுச் சண்டை நடந்தப்ப, துப்பாக்கி புடிச்ச பட்டாளத்தானுவளுக்கே இப்பிடி நெஞ்சு அடிச்சிருக்கு. டா கோஸ்டான்னு ஒரு டாக்டர் அவுகளப் பாத்து 1871-ல விலாவாரியா எழுதி வச்சிருக்காரு. ஒன் சகலை பீரங்கிய எங்க பாத்தான்? மாமியா வீட்டுப் பணியாரத்தத்தான் பாத்திருக்கான்.

சரி, நம்ம ஊர்க் கொடையில சாமியாட்டம் பாத்திருக்கேல்லா? மேளம் ஏற ஏற ஆட்டம் ஏறும். சுத்தி நிக்கவுக ‘என்ன கொறை சாமி, என்ன வேணும் சாமி’ன்னு கும்புட்டுக் கேக்கக் கேக்க இன்னும் ஏறும். கீழத்தெருவுல ஒருத்தரு, மேளம் நின்ன பொறவும் விடாம ஆடுவாரு. ஒரு வருசம் அவரு ஆடிக்கிட்டிருக்கப்பவே பந்தி போட்டுட்டாக. சனம் பூரா எலைக்குப் போயிட்டு. ஓரக்கண்ணால ஒருக்கா பாத்தாரு. ஒருத்தரும் இல்ல. வேட்டிய இறுக்கிக் கெட்டிக்கிட்டு அவரும் பந்தியில வந்து ஒக்காந்து, ‘சாம்பார் இருக்கா?’ன்னாரு. ஒன் படபடப்பும் அந்த வகைதான். பெரும்பாலும் பத்து நிமிசத்துக்குள்ள உச்சிக்குப் போவும், அரை மணிக்குள்ள அடங்கும். நீ கெஞ்சுனாலும் அடங்கும், ஏசுனாலும் அடங்கும். ஆனா வாட்ச்சு, கூகுள், ‘ஐயோ மறுபடி வந்துட்டே’ங்கிற பொலம்பல், இதெல்லாம் நீ அடிச்சிக் குடுக்கிற மேளம். நீயே அடிச்சிட்டு, ஏன் ஆடுதுன்னு எங்கிட்ட கேட்டா?

அதனால மொத வேலை, வாட்ச்சக் கழத்திப் பீரோவுல வச்சிப் பூட்டு. சாவிய அந்தப் புள்ளைகிட்ட குடு. ஆட்டம் வந்தா எந்திரிச்சி ஒக்காரு. ‘வந்துட்டியா, ஆடிட்டுப் போ’ன்னு விடு. மூச்ச மட்டும் பாத்துக்கோ. பயத்துல நீ மேல மேல மூச்ச வாங்கித் தள்ளுதே, ரத்தத்துல உள்ள கரியமில வாயு கொறைஞ்சிபோவுது, அதுலதான் வெரல் மரக்குது, ஒதட்டச் சுத்தி ஊருது, தல கிறுங்குது. அதையும் பக்கவாதம்னு எழுதி வச்சிருப்பியே! நாலு எண்ணுத நேரம் மூக்கால இழு, ஆறு எண்ணுத நேரம் மெதுவா வெளிய விடு. இழுக்கிறத விட விடுதது நீளமா இருக்கணும், அவ்வளவுதான். சினிமாவுல காமிக்கிற மாதிரி காயிதப் பைக்குள்ள மூஞ்சிய விட்டு ஊதாத, ஆஸ்துமாவோ நெஞ்சுக் கோளாறோ இருந்தா அது ஆபத்து. அடங்குன பொறவும் தூக்கம் வரலன்னா, கட்டில்ல பொரளாத. மங்கலா ஒரு வெளக்கப் போட்டுக்கிட்டு ஒங்க ஆபீஸ் விதிமுறைப் புத்தகத்த வாசி. நாலாம் பக்கம் தாண்ட மாட்டே.

பகல்ல ஒரு வேலை இருக்கு. டாக்டர்தான் நெஞ்சு நல்லாருக்குன்னுட்டாருல்லா, மாடிப்படியில ரெண்டு மாடி வேகமா ஏறு. நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும், வேர்க்கும். ராத்திரி வாரதும் அதேதான். அப்பம் எனக்குப் போன் போட்டு ‘மாமா, போறேன் மாமா’ன்னு அழுவியா? மாட்டே, லிஃப்ட் ரிப்பேருன்னு வாட்ச்மேன ஏசுவே. தெனம் ஏறு. இந்த அடிப்பு ஆளக் கொல்லாதுன்னு ஒன் மூளைக்குக் கொஞ்சங் கொஞ்சமாப் புரியும். மனநல டாக்டர்மாருகூட வைத்தியத்துல இப்பிடி ஒரு பாடம் வச்சிருக்காக. எனக்குச் சம்பளம் இல்லாததுனால நான் சொன்னா ஒனக்கு எளக்காரம்.

சிரிக்காம கேக்க வேண்டியதும் இருக்கு. மொத தடவை நீ ஆஸ்பத்திரிக்கு ஓடுனது சரி. அத நான் கேலி பண்ணல. மூணாவது, நாலாவது ஆஸ்பத்திரியத்தான் கேலி பண்ணுதேன். நெஞ்சுல பாரம் அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுனா, மூச்சுத் திணறல் கொறையவே இல்லன்னா, மயக்கம் போட்டு விழுந்தா, நாடி தாளம் தப்பித் தப்பி அடிச்சா, அப்ப மாமன் சொன்ன சாமிக்கதைய மறந்துட்டு 108-ஐக் கூப்புடு.

சர்க்கரைக்காரனுக்கு இதே நடுக்கம், இதே வேர்வை, வேற காரணத்துல வரும். எங்கூட வேலை பாத்த டிரைவர் ஒருத்தரு கிளிமிபிரைடு மாத்திரைய முழுங்கிட்டு, பொண்டாட்டியோட சண்டை போட்டுக்கிட்டு ராச்சோறு திங்காமப் படுத்துட்டாரு. ரெண்டு மணிக்குத் தொப்பலா நனைஞ்சி, ஒளறுதாரு. கோவத்துல இருந்த அந்தம்மா, அப்பவும் ஏசிக்கிட்டேதான், மூணு கரண்டிச் சீனியத் தண்ணியில கலக்கி ஊட்டியிருக்கு. பொழைச்சாரு. சர்க்கரை 70-க்குக் கீழ எறங்குனா சாமியாட்டம்னு பாத்துக்கிட்டிருக்கக் கூடாது. அப்பொறம், நடுக்கத்தோட ஒடம்பும் எளைச்சி வேர்த்துக் கொட்டுனா தைராய்டு. ரத்தம் கொறைஞ்சாலும் நெஞ்சு படபடக்கும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுத சால்பியூட்டமால் பம்பும் கைய ஆட்டும். கொறட்டை விட்டு விட்டு, நடுவுல மூச்சு நின்னு, திணறி எந்திரிக்கிற ஆளுன்னா அதுக்குத் தனிச் சோதனை. ஒங் கொறட்டையப் பத்தி ஒன்னக் கேட்டுப் பிரயோசனமில்ல, அந்தப் புள்ளையக் கேக்கணும்.

இப்ப ஒன் தீவனத்துக்கு வருவோம். சாயங்காலம் ஏழு மணிக்கு டிகாக்‌ஷன் காப்பி. அதுல உள்ள கஃபீன் பாதி கொறையவே ஏறக்கொறைய அஞ்சு மணி நேரம் ஆவும். நீ படுக்கப் போவையில பாதிக் காப்பி முழிச்சிக்கிட்டுதான் இருக்கும். வெள்ளிக்கிழம வேற ‘ரிலாக்ஸ்’ பண்ணுதேன்னு ஊத்திக்கிடுதே. அது மொதல்ல தூக்கத்தக் குடுக்கும். போத எறங்குதப்ப குடுத்தத வட்டியோட வாங்கும், நெஞ்ச அடிச்சி எழுப்பும். ‘சனிக்கிழம விடியக்காலம் மட்டும் ஏம் மாமா ஜாஸ்தியா வருது’ன்னு கேட்டியே, எனக்கும் அது ஒண்ணும் வெளங்கலப்பா!

இதெல்லாம் பண்ணியும் அடிக்கடி வருதுன்னா, வருமோ வருமோன்னே படுக்கையக் கண்டு பயந்து சோபாவுல ஒக்காந்தே விடிய வைக்கேன்னா, மனநல டாக்டரப் பாரு. பேசிப் பேசியே சரிபண்ணுத வைத்தியம் இதுக்கு நல்லாக் கேக்கும். மாத்திரையும் இருக்கு, எஸ்சிட்டலோபிராம் மாதிரி. அது வேலை காட்ட சில வாரம் ஆவும், மூணாம் நாளே நிறுத்திட்டு ‘கேக்கல’ன்னு சொல்லாத. ஆபீஸ் கூட்டாளி நீட்டுத அல்பிரசோலத்த மட்டும் வாங்கி முழுங்காத. அது பழகிட்டா விடாது, திடீர்னு நிறுத்துனா இந்தப் படபடப்பையே ரெட்டையாக் கொண்டாரும். நடுராத்திரியில யாருகிட்டயாவது பேசியே ஆவணும்னா 14416. சர்க்காரு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச டெலி மானஸ். காசு கெடையாது, தமிழ்ல பேசுவாக, ராப்பகலா எடுப்பாக. நான் எடுக்க மாட்டேன். எனக்கு அது தூங்குத நேரம்.

‘எனக்கு ஒரு டென்ஷனும் இல்ல மாமா’ங்கே. ஆமா, என்ன டென்ஷன்? 20 வருசத் தவணையில ஃபிளாட்டு, டீம்ல பாதிப் பேர அனுப்பிட்டாக, மிச்சப் பாதியில நீ எந்தப் பக்கம்னு தெரியல, மவளுக்கு எல்கேஜி சீட்டு. பகல் பூரா ‘கூல், கூல்’னு சொல்லிக்கிட்டுத் திரியுதே. தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நோட்ட எடுத்து வச்சி அரை மணி ஒக்காரு. கவலைய ஒவ்வொண்ணா எழுது. இதுல இன்னைக்கு என்ன செய்ய முடியும்னு பக்கத்துல குறி. நோட்ட மூடு. ராத்திரி எதுவும் மண்டைக்குள்ள வந்தா ‘நாளைக்கு ஆறு மணிக்கு வா’ன்னு அனுப்பிரு.

மொதப் பக்கம் மொத வரியில, போன கொடைக்கு முந்தி ‘ரெண்டே மாசத்துல தந்துருதேன் மாமா’ன்னு எங்கிட்ட வாங்குன 60,000 ரூவாய எழுது. அதுக்குப் பக்கத்துலயும் இன்னைக்கு என்ன செய்ய முடியும்னு குறி. எனக்கு இந்தக் கூகுள் பே எழவெல்லாம் தெரியாது, ஒங்கத்த நம்பருக்கு அனுப்பு. அவ நாலு மாசமா ராத்திரி ஒண்ணரைக்கு எந்திரிச்சி ஒக்காந்துக்கிட்டு, ‘ஒங்க மருமவன் அனுப்பிட்டானா’ன்னு என்ன எழுப்பிக் கேக்கா.