குரூப் சீசன்

மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி. அதே மாதம்தான் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் வரும். இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்தவர்கள், பெர்ன்ஹில்லில் குடியிருப்பவர்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஏப்ரலில் தொடங்கும் உறவினர் வரத்து, ரிசல்ட் வரும் வாரத்தில் எங்கள் வீட்டில் உச்சத்தைத் தொடும். ஓட்டல் வாடகை மிச்சமானதற்குக் கைமாறாக ஏதாவது செய்ய வேண்டுமே என்று, ஆளுக்கொரு ஆலோசனையை வைத்துவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் வசமாகச் சிக்கியவள் என் மகள். பிளஸ் ஒன்னில் அவள் மேத்ஸ் எடுப்பதா, வேண்டாமா?

கணக்கில் அவள் வாங்கியது 81. சிக்கலே அதுதான். சென்டம் என்றால் பேச்சே இல்லை, ஃபர்ஸ்ட் குரூப். 40 என்றாலும் பேச்சில்லை. பாவம் பிள்ளை என்று ஒரு தட்டு முறுக்கோடு விஷயம் முடிந்திருக்கும். 81 இரண்டுங்கெட்டான் மார்க். இதை வைத்துக்கொண்டு பெருமையும் பேச முடியாது, ஒப்பாரியும் வைக்க முடியாது. விவாதம்தான் நடத்த முடியும்.

கோயம்புத்தூர் பெரியப்பா முதலில் அந்த 81-ஐப் பிரித்து மேய்ந்தார். "ஜியோமெட்ரிக்கு எட்டு, கிராஃபுக்கு எட்டு. பதினாறு மார்க்கு ஸ்கேலும் பென்சிலும் வாங்கிக் குடுத்தது. அதைக் கழிச்சுட்டுப் பாரு கண்ணு." கழித்துக் காட்டிவிட்டு, கழித்த வேகத்திலேயே மேத்ஸ் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றார். காரணம் கட்-ஆஃப். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் மொத்தம் 200. அதில் பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, மேத்ஸுக்கு மட்டும் முழுசாக 100. "பாதி ராஜ்ஜியத்தை யாராச்சும் வேண்டாம்பாங்களா?"

திருப்பூர் மாமா பக்கத்து நாற்காலியிலிருந்து, "இன்ஜினியரிங்குக்கே இனி மேத்ஸ் வேண்டாமாமா, பேப்பர்லயே வந்துச்சே" என்றார். வந்தது உண்மைதான். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட கையேட்டில், பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களும் இன்ஜினியரிங்கில் சேர வழி வைத்திருந்தார்கள். நாடு முழுக்கக் கூச்சல் கிளம்ப, கணிதத்தின் முக்கியத்துவம் குறையவில்லை என்று கவுன்சில் விளக்கமும் கொடுத்தது. மாமா தலைப்போடு படிப்பதை நிறுத்திக்கொண்டவர். பேப்பர் படிப்பதில் அவருக்கென்று ஒரு கட்-ஆஃப் உண்டு.

சென்னை அத்தை ஒரே பெயரில் விவாதத்தை முடிக்கப் பார்த்தாள். "ராமானுஜன் பொறந்த ஊர்டி இது!" ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், வளர்ந்தது கும்பகோணத்தில், ஊட்டிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்பதை விடுங்கள். கணிதம் எடு என்பதற்கு அவரை இழுப்பவர்கள், அவருடைய மார்க் ஷீட்டைப் பார்ப்பதே இல்லை. பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தபோது உடலியல் பாடம் அவர் காலை வாரியது. 1907-இல் திரும்ப எழுதியும் தேறவில்லை. இன்றைக்கு அவர் நம் வீட்டில் பிறந்திருந்தால், "எதுக்கும் இருக்கட்டும்" என்று பயோ-மேத்ஸ் குரூப்பில் தள்ளி, மறுபடியும் அதே உடலியலில் மாட்டிவிட்டிருப்போம்.

இந்த பயோ-மேத்ஸ் தமிழ்த் தாய்மார்களின் தனிக் கண்டுபிடிப்பு என்பது என் எண்ணம். மருத்துவமும் கைநழுவாது, இன்ஜினியரிங்கும் கைநழுவாது. பிள்ளையின் தூக்கம் மட்டும்தான் நழுவும். நானும் அதைத்தான் மனசுக்குள் வைத்திருந்தேன், வெளியே சொல்லவில்லை. நான் படித்தது காமர்ஸ். எங்கள் வீட்டில் அதற்கு ஓட்டுரிமை கிடையாது.

கணக்கைப் பற்றியே கேள்வி கேட்ட ஒரே ஆள், பக்கத்து வீட்டுத் தாத்தா. கேத்தி பக்கம் கேரட் போட்டிருக்கிறார். "இதைப் படிச்சா, அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் மண்டியில கேரட் என்ன விலை போகும்னு சொல்லிடுவியாம்மா?"

"சொல்ல முடியாது தாத்தா. எந்த விலைக்கு எவ்வளவு வாய்ப்புன்னுதான் சொல்ல முடியும். நிகழ்தகவுன்னு பிளஸ் டூவுல வருது."

"ஏறினாலும் ஏறும், இறங்கினாலும் இறங்கும்னுதானே? அதுக்கு எதுக்கு ரெண்டு வருஷம்?"

ஞாயிற்றுக்கிழமை தாவரவியல் பூங்கா பக்கம் போலீஸார் வண்டிகளைத் திருப்பிவிட, உறவுக் கூட்டத்தோடு முத்தொரை பாலாடா பக்கம் ஒதுங்கினோம். அங்கே மலைச் சரிவில் அந்த ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி, 1970-இல் முடித்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் யாரோ ராட்சதத் தொட்டிலை ஒருக்களித்து வைத்த மாதிரித் தெரியும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பரவளையம். பிளஸ் டூ பிள்ளைகள் ஐந்தாம் பாடத்தில் பார்த்துப் பயப்படுகிற அதே பரவளையம். 1,100 எவர்சில்வர் கம்பிகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியதுதான் அதன் முகம்.

ஆனால் அங்கே பார்க்க வேண்டியது மலையை. பூமி சுழல்வதால் வானத்துப் பொருள்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கின்றன. அவற்றைத் தொடர வேண்டுமானால், பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் தொலைநோக்கி திரும்ப வேண்டும். அந்த அச்சு அந்த ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். இங்கே அது சுமார் 11 டிகிரி. சாய்வாக மேடை கட்டினால் செலவு தாங்காது. ஆகவே வரன் பார்ப்பது போல மலை பார்த்தார்கள்: வடக்கு தெற்காகப் படுத்திருக்க வேண்டும், சரிவு 11 டிகிரி இருக்க வேண்டும், தெற்கே பிறந்திருக்க வேண்டும். முத்தொரைக்குப் பொருத்தம் அமைந்தது. ஒரே திருப்பலில் ஒன்பதரை மணி நேரம் ஒரு பொருளைத் தொடர்ந்து பார்க்கலாம்.

பெரியப்பா கவனித்தது மிளகாய் பஜ்ஜிக் கடையை. மகள் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். ரீல்ஸ் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், கால்குலேட்டர்.

"அம்மா, கல்லாறுலேர்ந்து குன்னூர் வரைக்கும் மலை ரயில் ஏறுதே, அது பன்னெண்டு அடிக்கு ஒரு அடிதானே ஏறும்?"

"பல்சக்கரம் வெச்சு."

"அது அஞ்சு டிகிரிகூட இல்லம்மா. அஞ்சுக்கே பல்சக்கரம் வேணும்னா, இந்த மலையில ரயிலு விட்டா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கட்-ஆஃப் பேச்சு நடந்த நாலு நாளில் அவள் போனிலிருந்து தலையைத் தூக்கியது சாப்பிட மட்டும்தான்.

விண்ணப்பம் கொடுக்கும் நாளில் அவளே எழுதினாள்: கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். தொலைநோக்கி செய்த வேலை என்று நான் பூரித்து, அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. பயாலஜி எடுத்தா ரெக்கார்டு நோட்டுல கரப்பான்பூச்சி வரையணும், மண்புழு வரையணும். நான் வரைஞ்சா ரெண்டும் ஒண்ணாவே இருக்கும். மேத்ஸ்ல தப்புன்னா தப்பு, சரின்னா சரி. நாலு பக்கம் கதை எழுத வேணாம்."

செய்தியைச் சொன்னதும் பெரியப்பா, "நாஞ் சொன்னேனில்ல" என்றார். கம்ப்யூட்டர் தன் யோசனை என்று மாமாவும், ராமானுஜன் தன் யோசனை என்று அத்தையும் போன் போட்டார்கள். தாத்தா மட்டும் கேரட் விலை இறங்கிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

டியூஷன் காலை ஆறு மணிக்கு. மங்கி குல்லா, ரெண்டு ஸ்வெட்டர், கையில் டார்ச். வழியில் காட்டுமாடு நின்றால் அது நகரும் வரை காத்திருந்து லேட்டாக வரலாம் என்று சார் அனுமதி கொடுத்திருக்கிறார். ஹோம்வொர்க்குக்கு அந்தச் சாக்கு செல்லாதாம்.