உங்க டிபார்ட்மெண்ட்

திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் ஜவுளி ஆபீசில் எனக்குச் சம்பளம் கணக்கு எழுதுவதற்கு. நெட்வொர்க் நிர்வாகம் தர்ம காரியம். பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருநாள் உருவி எடுத்தேன்; அதைப் பார்த்துவிட்ட முதலாளி, "இனிமே கம்ப்யூட்டர் எல்லாம் உங்க பொறுப்பு சார்" என்றார். பதவி உயர்ந்தது, சம்பளம் உயரவில்லை. வீட்டில் ரூட்டர் விளக்கு சிவப்பானால், "ஏங்க, உங்க டிபார்ட்மெண்ட்" என்று மனைவி கூப்பிடுவாள். வேறு எந்த டிபார்ட்மெண்டிலும் எனக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது.

சர்வரைக் கவிழ்க்க வெளிநாட்டு ஹேக்கர் வரவேண்டியதில்லை. போன் சார்ஜரும் கையுமாக உள்ளூர்க்காரர் ஒருவர் போதும். "ரெண்டு நிமிஷம்தான் சார்" என்று யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்குவார். யுபிஎஸ் பாவம், கொஞ்சம் கத்திப் பார்த்துவிட்டு அடங்கிவிடும். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஒட்டினேன். அதன்மேல் காலண்டர் மாட்டினார்கள். கடைசியில் பிளக் உட்பட எல்லாவற்றையும் காற்றுப் போகிற வலைக்கதவு அலமாரிக்குள் வைத்து, திண்டுக்கல் பூட்டுப் போட்டோம். மாதாந்திர மின்தடை அறிவிப்பு பேப்பரில் வந்தால், கரண்ட் போகும் முன்பே சர்வரை முறையாக அணைத்துவிடுவேன். யுபிஎஸ் இருப்பது அணைக்க அவகாசம் தரத்தான், வியாபாரம் பார்க்க அல்ல என்று முதலாளியிடம் சொல்லும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு எங்கள் ஊருடையது. அப்படிப்பட்ட ஊரில் ஆபீஸ் ரூட்டரின் பாஸ்வேர்ட், கம்பெனியில் போட்டு அனுப்பிய அதே 'அட்மின்'. 2016-ல் மிராய் என்ற நிரல் இப்படிப்பட்ட கம்பெனி பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டே உலகமெங்கும் கேமராக்களையும் ரூட்டர்களையும் வளைத்துப் போட்டது. வாங்கிய அன்றே மாற்ற வேண்டும். மாற்றியதை மானிட்டரில் சீட்டெழுதி ஒட்டக்கூடாது.

கூடங்குளத்திலும் அதே 2019-ல்தான், நிர்வாக வேலைக்கான இணைய வலையமைப்பில் இருந்த ஒரு கணினிக்குள் வேவு நிரல் புகுந்திருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலை சார்ந்த வலையமைப்பு தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றது. அணு உலைக்கே அப்படி என்றால் சுங்குடிச் சேலைக்கு? பில் போடும் கணினிகளை ஒரு பக்கமும் வாடிக்கையாளர் வைஃபையை இன்னொரு பக்கமும் பிரித்துவிட்டேன்.

கேபிள் முனையில் கனெக்டர் மாட்டும் வேலையை வீட்டுக்கே கொண்டுபோவேன். உறையை உரித்தால் எட்டுக் கம்பி, ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும். முறுக்கைப் பிரித்து நீவி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று படத்தைப் பார்த்து அடுக்கி, ஒரே மட்டமாக நறுக்கி, கனெக்டருக்குள் தள்ளி, கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். மனைவி தறிக்காரர் வீட்டுப் பெண்; பாவில் ஓர் இழை மாறினாலும் வாசலில் நின்றே சொல்வாள்.

"படத்துல நீலத்துக்கு ரெண்டு பக்கமும் பச்சை இருக்கே?"

நடு இரண்டு ஊசிகளும் பழைய டெலிபோன் லைனுக்காக நீல ஜோடிக்கு ஒதுக்கியவை, அதனால்தான் பச்சை ஜோடி விலகி நிற்கிறது என்று விரிவுரையே நடத்தினேன்.

"அதெல்லாம் சரி. உங்க கையில பச்சை ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குதே?"

அன்றிலிருந்து கிரிம்பிங் அவள் டிபார்ட்மெண்ட்.

2022-ல் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, கணினி லாக்குகளை, அதாவது நடந்தவற்றின் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்தில் தகவல் தரச் சொல்கிறது. எங்கள் வீட்டு லாக்குகள் கல்யாணத்தன்று தொடங்குகின்றன. ஒன்றுகூட அழிக்கப்படவில்லை.

பேக்கப் விஷயத்தில் நான் பேராசைக்காரன்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு கட்டடத்தில். எங்களுக்கு வேறு கட்டடம் என்பது வீட்டு பீரோ. பட்டுப்புடவைக்கடியில் ஹார்ட் டிஸ்க் தூங்குகிறது. செருகியே வைத்திருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும் ரேன்சம்வேர். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகைக் கலக்கியபோது, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மாதம் ஒருமுறை திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். மின்தடை நாளில் மட்டும் வேண்டாம்.