பணிச்சூழல்: புகைமூட்டம்

2023-ல் டெல்லியின் லோக்நீதி–சி.எஸ்.டி.எஸ். நிறுவனம் 206 பத்திரிகையாளர்களைப் பிடித்து, தொழில் எப்படிப் போகிறது என்று விசாரித்தது. வேலை மனநலத்தைக் கெடுத்துவிட்டதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். மற்றவர்கள் அன்று வார விடுமுறையில் இருந்திருப்பார்கள்.

அதே கேள்விப் படிவத்தோடு அரியமங்கலத்துக்கு ஒருவர் வந்தால் எப்படியிருக்கும்? திருச்சியின் குப்பையெல்லாம் பல பத்தாண்டுகளாக வந்து குவிந்த கிடங்கு, ஏறத்தாழ 47 ஏக்கர். கோடையில் உள்ளே மீத்தேன் சேரும், தீ பிடிக்கும், தீயணைப்பு வண்டி வரும், அதன் பின்னாலேயே நம்ம பகுதிநேர நிருபரின் பைக்கும் வரும்.

"பணியிடத்தில் காற்றோட்டம் எப்படி சார்?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துச் சொல்றேன், இருங்க."

"மஜீதியா ஊதியக்குழு பலன்கள் கிடைக்கின்றனவா?"

"அது எங்கே இருக்கு? பாலக்கரையிலா?"

பாவம், அவரைக் குற்றம் சொல்லி என்ன! பத்திரிகையாளர் சம்பளத்துக்காக அரசு 2011-ல் அறிவித்து, 2014-ல் உச்ச நீதிமன்றமும் சரியென்று சொன்ன பரிந்துரை அது. டெல்லியிலிருந்து அரியமங்கலத்துத் தஞ்சாவூர் சாலை வரை வந்துசேர வேண்டாமா? அவருக்குச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, அச்சேறினால்தான் அதுவும்.

கடைசிக் கேள்வி, பணிப் பாதுகாப்பு பற்றியது. பதில் சொல்வதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. படிவத்தில் 'கருத்து இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.