ஓகே, ஓகே, ஓகே

(ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவு. ஸ்டேஷனரி கடைக்கு 42,000 ரூபாய் போக வேண்டிய இடத்தில் 4,20,000 போய்விட்டது. கையில் மெமோவோடு மேலாளர் கோதண்டராமன். எதிரே கணக்கர் மல்லிகா.)

கோதண்டராமன்: ஒரே ஒரு சைபர்! விரலை அடக்கத் தெரியாதாம்மா?

மல்லிகா: அழுத்தினது நான்தான் சார். செக் பண்ணினது சுந்தரம். ஓடிபி சொன்னது நீங்க.

கோதண்டராமன்: நான் கல்யாணப் பந்தியில இருந்தேன்! இலையில ரசம் ஓடுது, காதுல போன். எந்த ஆபீஸ்லயாவது இப்படி நடக்குமா?

மல்லிகா: சிட்டி பேங்க்ல நடந்துச்சே சார். 2020 ஆகஸ்ட்ல. ரெவ்லான்ங்கிற அழகுசாதனக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவங்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி போகணும். அசல் வெளியே போகாம இருக்க ஸ்கிரீன்ல மூணு கட்டத்துல டிக் போடணுமாம். ஒண்ணுல மட்டும் போட்டாங்க. கிட்டத்தட்ட 90 கோடி டாலர் போயிடுச்சு.

கோதண்டராமன்: சரிபார்க்க ஆளே இல்லையா?

மல்லிகா: மூணு பேர் சார். இந்தியாவுல ஒப்பந்த ஊழியர் ரெண்டு பேர், அமெரிக்காவுல பேங்க் அதிகாரி ஒருத்தர். 'ஆறு கண்' முறைன்னே அதுக்குப் பேரு. மூணு பேரும் ஓகே சொன்னாங்க.

கோதண்டராமன்: ஆறு கண்ணா? நாம எட்டு ஆக்கிடுவோம். நாலாவது கையெழுத்துக்கு இன்னிக்கே சர்க்குலர்!

மல்லிகா: நாலாவது ஆள் என்ன பண்ணுவார்? மூணு பேர் பார்த்தாச்சேன்னு முதல் மூணு பேரையும்விட வேகமா போடுவார்.

கோதண்டராமன்: அப்ப ஸ்கிரீன்ல சிவப்பா எச்சரிக்கை வரட்டும்.

மல்லிகா: டோக்கியோவுல வந்துச்சு சார். 2005 டிசம்பர்ல, மிசுஹோ செக்யூரிட்டீஸ்ல. ஜே-காம் ஷேர் ஒண்ணை 6,10,000 யென்னுக்கு விக்கணும். 6,10,000 ஷேரை ஆளுக்கொரு யென்னா, அதாவது ஷேர் ஒண்ணு ஒரு யென்னுக்கு விக்க ஆர்டர் போட்டுட்டாங்க. அந்தக் கம்பெனிக்கு மொத்தமே பதினஞ்சாயிரம் ஷேர்கூடக் கிடையாது! எச்சரிக்கையைத் தாண்டித்தான் ஆர்டர் போச்சு. நீங்களும் தினம் தாண்டுறதுதானே? அப்புறம் ரத்து பண்ணப் பார்த்தா பங்குச் சந்தையோட கம்ப்யூட்டர் ஏத்துக்கலை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென்.

கோதண்டராமன்: டைப் அடிச்சவனைச் சீட்டைக் கிழிச்சு அனுப்பியிருப்பாங்களே?

மல்லிகா: ராஜினாமா பண்ணினது டோக்கியோ பங்குச் சந்தையோட தலைவர் சார்.

கோதண்டராமன்: (மெமோவை நாலாக மடித்தபடி) தலைவரா? சரி, அந்த சிட்டி பேங்க் பணம் திரும்பி வந்துச்சா?

மல்லிகா: கொஞ்சப் பேர் கொடுத்துட்டாங்க. சுமார் 50 கோடி டாலரை, எங்களுக்கு வரவேண்டிய கடன்தானேன்னு மத்தவங்க வச்சுக்கிட்டாங்க. 2021ல கோர்ட்டும் அவங்க பக்கம். அடுத்த வருஷம் அப்பீல்லதான் பேங்க் ஜெயிச்சது.

கோதண்டராமன்: நம்ம ஸ்டேஷனரிக்காரர் அப்படி இல்லை, தங்கமான மனுஷன்.

மல்லிகா: பேசிட்டேன் சார். ரெண்டு வருஷ பழைய பாக்கியில வரவு வச்சுட்டாராம். ரசீதும் அனுப்பிட்டார்.

கோதண்டராமன்: ஐயையோ! ஹெட் ஆபீஸுக்கு யார் பேரை எழுதுறது?

மல்லிகா: போன மாசம் வேலையை விட்டுப் போன பையன் பேரை எழுதுங்க.

கோதண்டராமன்: பணம் போனது நேத்தும்மா!

மல்லிகா: அங்கேயும் மூணு பேர்தான் சார் பார்த்துக் கையெழுத்துப் போடுவாங்க.