எழுதியவனைச் சுட்டும் விரல்கள்

கே: அமெரிக்காவில் தொடங்கி நவம்பர்தோறும் நடந்துவந்த 'நானோரைமோ' நாவல் சவாலில், வேகமாக எழுதியவர்களைச் சக எழுத்தாளர்களே 'ஃப்ராடு' என்று திட்டினார்களாமே?

ப: திட்டினார்கள்தான். 1999-இல் 21 பேரோடு தொடங்கிய கூத்து அது. 30 நாளில் 50,000 சொற்கள், அதாவது தினம் 1,667. பரிசுப் பணம் இருக்கவில்லை, சான்றிதழ் மட்டும். நாவலை யாரும் படித்துப் பார்த்ததும் இல்லை (அது ஒருவகையில் புண்ணியம்). நிமிடத்துக்கு 40 சொல் தட்டுபவருக்கு மொத்தமே 21 மணி நேர வேலை. முதல் வாரத்திலேயே ஒருவர் முடித்தால் திறமை என்று சொல்ல மனம் வருமா? 'காப்பியடித்தான், பழைய சரக்கை ஒட்டினான்' என்பார்கள். ஆதாரம்? சொன்னவரின் நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் படுத்துவிட்டதுதான்! புகாராக எழுதியதையும் கணக்கில் சேர்த்திருந்தால் பலர் 50,000-ஐச் சுலபமாகத் தாண்டியிருப்பார்கள்.