மான் இறைச்சி கிடைக்காத பரம்பரை

வில்லைத் தூக்கிக்கொண்டு மானுக்குப் போனவன் எவனாவது நம்முடைய கதைகளில் ஒழுங்காக வீடு திரும்பி, கறி ஆக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறானா? பாண்டு மகாராசா காட்டில் ஒரு சோடி மானைக் கண்டு அம்பு விட்டார். அது மான் வடிவில் இருந்த முனிவர். இறைச்சிக்குப் பதிலாகச் சாபத்தோடு திரும்பினார். இராமர் பொன்மானுக்குப் பின்னால் ஓடினார். மான் மாரீசனாகிச் செத்தது. திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் மனைவியைக் காணவில்லை. ஜரன் என்ற வேடன் புதருக்குள் தெரிந்தது மான் என்று நம்பி எய்தான். அது கிருஷ்ணருடைய பாதம். இத்தனை பேர் எய்தும் ஒரு வேளைச் சமையலுக்கு வழியில்லை.

நாங்கள் உடப்புக்காரர். ஆடியில் திரௌபதையம்மனுக்குத் தீ மிதிக்கிற ஊரில் பாரதம் வீட்டுக் கதை. போர் முடிந்து திரும்பும்போது இராமர் தோஷம் கழித்த இடம் என்று சொல்லப்படும் முன்னேஸ்வரமும் அதிக தூரமில்லை, சிலாபத்தருகே இருக்கிறது. அதாவது, அந்தப் பொன்மானுக்கான கணக்கு கடைசியில் தீர்க்கப்பட்டதே எங்கள் கரையில்தான். ஆகவே ரொறன்ரோவிலிருந்து தங்கச்சியின் மகன் தொலைபேசியில், "பெரியம்மா, நான் இப்ப வில்லால மான் வேட்டைக்குப் போறன்" என்று சொன்னபோது, நான் முதலில் கேட்டது "வீட்டில மனுசி பத்திரமா?" என்றுதான்.

அவனுக்குப் பகிடி விளங்கவில்லை. அவன் சொன்ன விபரங்கள் எனக்கும் அரைகுறையாகத்தான் விளங்கின. ஒன்ராறியோ மாகாணத்தில் நூற்றுக்கு 87 பங்கு நிலம் அரச காணியாம். பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, இலையுதிர் காலத்தில் அந்தக் காணிக்குள் யாரும் போகலாமாம். விழுந்த மானுக்கு ஓர் அட்டையும் உண்டாம். அடையாள அட்டை இல்லாமல் வாசலைத் தாண்டப் பயந்து வாழ்ந்த எங்களுக்கு, செத்த பிறகும் மானுக்கு அட்டை வேண்டும் என்பது ஒருவகை ஆறுதலாக இருந்தது.

அவன் போனது முன்பின் தெரியாத ஒரு காட்டுக்கு. மரத்தில் இருபது அடி உயரத்தில் ஓர் இருக்கையைக் கட்டி, விடியுமுன் ஏறி, இருட்டும்வரை அசையாமல் இருந்திருக்கிறான். இருமக்கூடாது, சொறியக்கூடாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் திரௌபதியம்மன் விழாக்களில் அர்ச்சுனன் தவசு என்று உயரமான தவசு மரத்தில் ஏறுவார்கள். அந்த அர்ச்சுனனுக்குக் கடைசியில் பாசுபதமாவது கிடைத்தது. எங்கள் பிள்ளைக்குத் தடிமன் கிடைத்தது. டிசம்பரில் பருவம் முடிந்தது, மான் தப்பியது, மாசியில் பிள்ளை இங்கே வந்து இறங்கினான்.

வில்லைக் கொண்டுவரவில்லை, அந்த மட்டில் அம்மன் காவல். படத்தைத்தான் காட்டினான். அதை வில் என்று அவன் சொல்லாவிட்டால் கிணற்றுச் சாமான் என்று நினைத்திருப்பேன். இரண்டு முனையிலும் கப்பி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, நடுவில் குறிபார்க்கும் ஊசிகள். இழுக்கும்போது 65 இறாத்தல் பாரமாம். ஆனால் முழுக்க இழுத்துவிட்டால் கப்பி உருண்டு பாரத்தில் நூற்றுக்கு எண்பதைத் தானே எடுத்துக்கொள்ளுமாம். பிறகு பதின்மூன்று இறாத்தலைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகக் குறிபார்க்கலாம். சிவதனுசில் இந்தக் கப்பி பூட்டியிருந்தால் சீதையின் சுயம்வரத்தில் பெரிய தள்ளுமுள்ளு நடந்திருக்கும்.

"அப்ப ஏன் மான் தப்பிச்சு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கடல் தொழில் செய்தவர். எதையும் நேராகத்தான் கேட்பார்.

அதற்கும் கணக்கு இருந்தது. அம்பு வினாடிக்கு 300 அடி போகும். சத்தம் 1,100 அடி போகும். நாணை விட்டதும் எழும் சத்தம் அம்புக்கு முன்னே ஓடிப்போய் மானிடம் தகவல் சொல்லிவிடுகிறது. பாய்வதற்காக மான் உடம்பைத் தாழ்த்துகிறது. அம்பு முதுகுக்கு மேலால் போய்விடுகிறது. அதனால்தான் முப்பது, நாற்பது மீற்றருக்குள் மான் வரும்வரை காத்திருக்கவேண்டும். மணம் பிடித்துவிடக்கூடாது என்று மணமில்லாத சவர்க்காரத்தில் குளிப்பார்களாம். அமெரிக்காவில் பல இடங்களில் பெட்டைமானின் மூத்திரத்தைப் போத்தலில் அடைத்து விற்கிறார்களாம், கிடாய் தேடி வருவதற்கு.

"காசு குடுத்தா?" என்றார் இவர். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

பிள்ளைக்கு இங்கே ஒரேயொரு ஆசை: எங்கள் மாவட்டத்துக் காட்டுக்குள் கால்நடையாகப் போய், வில் எட்டும் தூரத்துக்கு மானை நெருங்கிப் பார்ப்பது. எய்வதற்கு இல்லை, நெருங்குவதற்கு மட்டும். "அரச காணிதானே பெரியம்மா" என்றான்.

இங்கேதான் அவனுக்குக் கொஞ்சம் பாடம் எடுக்கவேண்டியதாயிற்று. கனடாவில் அரச காணி என்றால் எல்லாருக்கும் உரியது. எங்கள் நாட்டில் அரச காணி என்றால் நீ காலை வைத்தால் இரண்டு திணைக்களங்கள் உரிமை கேட்டு வரும் இடம். வனத் திணைக்களத்தின் எல்லைக் கல் முடிகிற இடத்தில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பலகை தொடங்கும். வேட்டைக்கு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அனுமதிப்பத்திரமும் வேட்டைப் பருவமும் இருந்தன. இன்றைக்கு மானுக்கு அப்படியொரு பத்திரமே கிடையாது. வில்பத்து 1938இல் தேசிய பூங்காவானது, சுமார் 1,300 சதுர கிலோமீற்றர், நாட்டிலேயே பெரியது. அதற்குள் வில்லோடு போவதை விடு, ஜீப்பை விட்டு நினைத்த இடத்தில் இறங்கவே முடியாது.

அவன் விடவில்லை. வண்ணாத்திவில்லுப் பக்கம் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவருக்குக் கஜுத் தோட்டம் இருக்கிறது. அதன் பின்வேலியோடு பற்றைக்காடு தொடங்குகிறது. அந்த வேலி ஓரமாகவாவது நடக்கலாம் என்று முடிவாயிற்று.

விடியப்புறம் அவன் அறையைவிட்டு வெளியே வந்த கோலத்தைப் பார்த்து இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். உச்சி முதல் கால்வரை இலையும் கிளையும் அச்சடித்த வேட்டை உடுப்பு. மேப்பிள் இலை. புத்தளத்து முள்ளுப்பற்றையில் அந்த இலை எங்கேயும் கிடையாது என்பதால் அரைக் கட்டைக்கு அப்பாலிருந்தே பளிச்சென்று தெரிவான். அதுவல்ல எங்கள் கவலை. மன்னார்ப் பக்கம் போகிற வீதியில் ஒரு தமிழ்ப் பெடியன் பச்சைப் புள்ளி உடுப்போடு பற்றைக்குள்ளிருந்து எழும்பினால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று விளங்கப்படுத்த, நான் இந்த நாட்டின் முப்பது வருட வரலாற்றையும் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன். கடைசியில் பெரியப்பாவின் சாரத்தையும் பழைய சேட்டையும் போட்டுக்கொண்டு வந்தான். அதுதான் அந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான மறைப்பு உடுப்பு.

தோட்டத்துக்குப் பின்னால் மான் தடம் ஒன்று உண்மையாகவே இருந்தது. குளம்படி, புழுக்கை, கடித்த தளிர் என்று பிள்ளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனான். அதில் கெட்டிக்காரன்தான். மெல்ல அடிவைத்து, சருகு நொறுங்காமல், பூனை நடை. தடத்தை விடாமல் தொடரவேண்டும், அதுதான் விதி என்று எனக்கும் சொல்லித் தந்தான். அப்போது சைக்கிளில் வந்த ஒரு முதியவர் எங்களைக் கண்டு இறங்கினார்.

"என்ன மகன் தேடுறீங்க?"

"மான்."

அவர் சைக்கிளைத் திருப்பப் பார்த்தார். ஒன்றில் நாங்கள் களவு வேட்டைக்காரர், அல்லது களவு வேட்டைக்காரரைப் பிடிக்க வந்தவர்கள். இரண்டும் அவருக்கு வேண்டாத சங்காத்தம். "சும்மா பாக்கத்தான் ஐயா" என்று நான் குறுக்கிட்டேன். சும்மா பார்க்க என்றதும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. ஆனாலும் நல்ல மனிதர். "அந்தத் தடத்தில மட்டும் போகாதீங்க. கட்டுத்துவக்கு இருக்கும்" என்றார்.

கட்டுத்துவக்கு என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரியாது. மிருகம் போய்வரும் தடத்துக்குக் குறுக்கே பன்றியின் உயரத்தில் மெல்லிய கயிறு. கயிற்றின் மறுமுனை, பக்கத்துப் பற்றையில் கட்டிவைத்த துவக்கின் விசையில். பன்றி முட்டினால் பன்றிக்கு வெடி. மனிசன் முட்டினால் முழங்காலுக்கு வெடி. கட்டியவன் வீட்டில் நித்திரையாக இருப்பான். இதைவிடக் கம்பிச் சுருக்கு வேறு. மானுக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாகிறது; எவன் வைத்தான் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சட்டம் தடுத்ததால் வேட்டை நின்றுவிடவில்லை. வேட்டைக்காரன் மட்டும் காட்டுக்குள் நிற்பதை நிறுத்திவிட்டான். ஒன்ராறியோவில் ஆளைத் தடத்துக்குக் கூட்டிப்போகிற அதே கெட்டித்தனம் இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்.

பிள்ளை வந்த வழியே, வந்த அடியிலேயே அடிவைத்துத் திரும்பினான். பின்னேரம் பார்த்தால் கால் முழுக்க உண்ணி. அன்றைக்கு அந்தக் காட்டில் யாரோ யாரையோ நெருங்கியது உண்மைதான்.

அடுத்த ஏற்பாடு ஜீப். எலுவன்குளம் வாசலால் வில்பத்துக்குள் போனோம். மாரி மழைத்தண்ணீர் அங்கே வில்லு என்று சொல்கிற குளங்களில் இன்னும் வற்றவில்லை. அப்படியொரு குளத்தின் கரையில் புள்ளிமான் கூட்டம், முப்பதுக்குக் குறையாது. ஜீப் இரைந்துகொண்டு போய்ப் பக்கத்தில் நிற்கிறது, ஒன்றாவது தலை நிமிரவேண்டுமே! மேலே மரத்தில் மந்திகள் தளிரைக் கடித்துக் கீழே போட, மான்கள் பொறுக்கித் தின்றன. மணமில்லாத சவர்க்காரம் எங்கே, டீசல் புகை எங்கே. கனடாவில் பருவம் முழுக்க மரத்தில் காய்ந்தவனுக்கு இருபது மீற்றரில் கிடாய் ஒன்று பக்கவாட்டில் நின்று கொடுத்தது. அவனை அறியாமலே இடக்கை நீண்டது, வலக்கை காதடிக்கு வந்தது. சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சேர், கையை உள்ளுக்கு எடுங்க, சுளுக்கு எண்டால் வெளியில போய்ப் பாப்பம்" என்றார்.

திரும்பி வரும் வழியில்தான் அவனுக்குத் தேவநம்பியதீசனின் கதையைச் சொன்னேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து அரசன். பொசொன் பௌர்ணமி அன்று மிகிந்தலைக் குன்றுக்கு வேட்டைக்குப் போனான். கூடப் போனவர்கள் நாற்பதாயிரம் பேர் என்கிறது மகாவம்சம். அங்கே ஒரு மரை மேய்ந்துகொண்டு நின்றது. கவனமில்லாமல் நிற்கும் மிருகத்தை எய்வது முறையல்ல என்று, அரசன் வேண்டுமென்றே நாணைத் தட்டி ஒலி எழுப்பினான். மரை ஓடியது. அரசன் துரத்தினான். அது மலைத் தெய்வம் எடுத்த வேடம். நேரே கொண்டுபோய் மகிந்த தேரருக்கு முன்னால் விட்டுவிட்டு மறைந்தது. தேரர் அரசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்ற மாமரத்தை வைத்துக் கேள்வி கேட்டார். அரசன் சரியாகப் பதில் சொன்னான். நாடு பௌத்தமாயிற்று. மிகிந்தலை உலகின் முதல் சரணாலயங்களில் ஒன்று என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம்.

"நாணைத் தட்டினவரா? வேணுமெண்டா?" பிள்ளைக்கு நம்பவே முடியவில்லை. நாண் சத்தம் கேட்காமலிருக்க அவனுடைய வில்லில் இறப்பர்த் துண்டுகள் வாங்கிப் பூட்டியிருக்கிறான், அதுவும் டொலரில்.

"மானுக்கும் ஒரு வாய்ப்புக் குடுத்தவர்" என்றேன்.

"நாப்பதாயிரம் பேரோட போனவர்" என்றார் இவர், முன் சீற்றிலிருந்து. "அந்த மரை நாண் சத்தத்துக்குத்தான் ஓடினது எண்டு எழுதினவனை என்னண்டு சொல்றது?" அதோடு நிற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கரையில் வலை போட முடியாது என்று எங்கள் ஆட்கள் கிழக்குக் கரைக்கு வாடி போடப் போவார்கள். இவரும் போனவர். "திருக்கோணமலையில பிரட்ரிக் கோட்டைக்குள்ள போ. கோணேசர் கோயிலுக்குப் போற வழியில மான் தானா வந்து வாழைப்பழத்தோல் கேக்கும். மரமும் ஏறவேண்டாம், மூத்திரமும் வாங்கவேண்டாம்."

மறுநாள் விடிய அவனைக் கரைவலைக்கு இழுத்துப்போனார். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று அம்பாப் பாட்டுக்கு இழுக்கிறார்கள். கூடப்போய்க் கயிற்றில் கை வைப்பவனிடம் யாரும் அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. இழுத்தவனுக்குக் கறிக்கு மீன் உண்டு. 65 இறாத்தல் வில் இழுத்த கை என்று பிள்ளை தெம்பாகப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்து, "பெரியப்பா, இது எப்ப பாரம் குறையும்?" என்று கேட்டான்.

"மடி கரைக்கு வந்தா கூடும்" என்றார்.

உள்ளங்கை இரண்டும் கொப்பளித்த பிறகு அவன் பங்குக்கு ஒரு கூடை சாளையும் ஒரு பாரையும் கிடைத்தன. பாரையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வேட்டைக்காரர் மானோடு நிற்கிற அதே நிலையில் படம் எடுத்து ரொறன்ரோ வேட்டைச் சிநேகிதர்களுக்கு அனுப்பினான். அங்கிருந்து உடனே பதில் வந்தது: "கொம்பு எங்கே?"

இவரிடம் வாசித்துக் காட்டினான். இவர் கூடையைக் கிளறி ஒரு கெளுத்தியைத் தேடி எடுத்தார்.

"இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லு. முள்ளாவது இருக்கு."