நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும் அணு உலை

அமெரிக்காவில் அணுமின் நிலையத்துக்குள் வெல்டிங் வேலைக்குப் போக, வெல்டிங் தெரிந்தால் மட்டும் போதாது. பத்து விரல் ரேகையும் எஃப்.பி.ஐ.க்குப் போக வேண்டும். போன வேலை எது, அதற்கு முந்தியது எது, தானாக விட்டாரா, துரத்தினார்களா என்று விசாரிப்பார்கள். பழகியவர்களைத் தேடிப்பிடித்து ‘ஆள் எப்படி?’ என்று கேட்பார்கள். மனநிலையை அளக்க ஒரு எழுத்துத் தேர்வு உண்டு. விடைகளில் ஏதாவது இடறினால் உளவியலாளர் முன்னால் உட்கார வேண்டும். மூச்சை ஊதிக் காட்ட வேண்டும். மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. ஆண்டுதோறும், வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கையில் பாதிக்குக் குறையாமல் குலுக்கல் முறையில் சோதனை நடந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவன் முகம் வாடியிருந்தால் மேலே சொல்லவும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் மேலே கடன் வரலாறு. கிரெடிட் கார்டு பாக்கி எவ்வளவு, வீட்டுக் கடன் தவணை தவறியதா, திவால் மனு போட்டதுண்டா? கடன்பட்டவன் நெஞ்சம் கலங்கும், கலங்கிய நெஞ்சை எவனாவது காசு கொடுத்து வாங்கிவிடுவான் என்பது கணக்கு.

இது வீண் பயமும் இல்லை. 1987இல் பென்சில்வேனியாவின் பீச் பாட்டம் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் பணி நேரத்தில் தூங்கியது தெரியவந்து, உலையையே நிறுத்தச் சொன்னார்கள். 2014 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் டூல் நிலையத்தில் யாரோ ஒரு வால்வைத் திறந்துவிட, டர்பைனின் மசகெண்ணெய் மொத்தமும் வடிந்து, எந்திரம் பாழாகி, மாதக்கணக்கில் உலை நின்றது. செய்தவர் உள்ளே போக அனுமதி உள்ளவராகத்தான் இருக்க வேண்டும். ஆளை இன்றுவரை பிடிக்கவில்லை. ஆகவே வாசலில் ஆளைச் சோதிப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எந்த வாசலில், யாரை என்பதுதான் என் கேள்வி.

முதலில் கணக்குப் பிள்ளைகளைப் பார்த்துவிடலாம். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதி ஒன்றைக் கொண்டுவரும்போது செலவு இவ்வளவு, பலன் இவ்வளவு என்று எழுதிக் காட்டும். ஏற்கெனவே ஓடும் உலையில் ஒரு மாற்றம் செய் என்று கம்பெனியைச் சொல்வதற்கு, பாதுகாப்பு கணிசமாகக் கூடும், அதற்கு இந்தச் செலவு தகும் என்று நிரூபிக்க வேண்டும் என 1985இல் ஒரு விதி போட்டார்கள். போதுமான பாதுகாப்பு என்கிற அடித்தளத்திலேயே செலவுக் கணக்கைக் கலக்காதே என்று 1987இல் நீதிமன்றம் குட்டியது. அடுத்த ஆண்டே விதியைத் திருத்தினார்கள். அந்தத் தளத்துக்கு மேலே எல்லாம் பேரம்தான்.

பேரத்துக்கு விலைப்பட்டியல் வேண்டுமே, அதுவும் இருக்கிறது. ஓர் ஆளின் மேல் ஒரு ரெம் கதிர்வீச்சு விழாமல் தடுத்தால் என்ன லாபம்? எழுபதுகளில் 1,000 டாலர். 1995இல் 2,000 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக, பாலும் பெட்ரோலும் வீட்டு வாடகையும் ஏறிக்கொண்டே போக, மனித உடம்பு மட்டும் பழைய விலையிலேயே விற்றது. 2022இல்தான் 5,200 டாலர் ஆயிற்று. ஓர் உயிருக்கு 90 லட்சம் டாலர் என்று வைத்து, ஒரு ரெம்முக்கு எவ்வளவு ஆபத்து என்று பெருக்கி எடுத்த விலை அது. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எதிர்காலத்தில் வரும் பலனை ஆண்டுக்கு 7 சதவீதம் கழித்துத்தான் இன்றைய மதிப்பு பார்ப்பார்கள். 3 சதவீதக் கணக்கும் பக்கத்தில் போடுவார்கள், தாராள மனசு. ஏழின்படி, முப்பது ஆண்டு கழித்துத் தப்பிக்கப்போகிறவரின் 5,200 டாலர் இன்றைக்குச் சுமார் 683 டாலர். இன்னும் பிறக்காதவர் என்றால் விலை இன்னும் இறங்கும். பிறக்காமலே இருந்துவிட்டால் கணக்கு இன்னும் சுத்தம்.

வாசல் சோதனைக்கு இந்தக் கணக்கைப் போடும்போது செலவுப் பக்கம் நிரம்பி வழியும். காவலர் சம்பளம், விசாரணைக் கட்டணம், பயிற்சி நேரம், படிவம் நிரப்பும் குமாஸ்தாவின் மணிக்கூலி. பலன் பக்கத்தில் எண்ணே இருக்காது. சதிகாரன் எப்போது வருவான் என்று யாராலும் நிகழ்தகவு சொல்ல முடியாது அல்லவா? ‘நம்பிக்கை கூடும்’ என்கிற மாதிரி வார்த்தைகளால் நிரப்பிவிடுவார்கள். சரி, வாசலில் தவறாகத் தடுக்கப்பட்டவனின் இழப்பு எந்தப் பத்தியில் வருகிறது? ஆணையத்தின் கையேட்டில் பொதுமக்கள் உடல்நலம், தொழிலாளி வாங்கும் கதிர்வீச்சு, தொழில்துறையின் செலவு, ஆணையத்தின் சொந்தச் செலவு என்று வரிசையாகத் தலைப்புகள் உண்டு. போன பிழைப்புக்கு என்று ஒரு தலைப்பு இல்லை. ‘மற்றவை’ என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய் நிற்கலாம்.

தடுக்கப்படுவது சின்ன விஷயமும் இல்லை. ஒரு நிலையம் அனுமதி மறுத்தால் அந்தத் தகவலை மற்ற நிலையங்களும் பார்க்கலாம். எரிபொருள் மாற்றும் பருவத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் கொதிகலன்காரருக்கு, குழாய் பொருத்துபவருக்கு, சாரம் கட்டுபவருக்கு ஒரு கதவு சாத்தினால் நாடு முழுக்கச் சாத்திய மாதிரிதான். மேல்முறையீடு செய்யலாமா? பேஷாகச் செய்யலாம். விதி சொல்வது, பாரபட்சமற்ற, சுதந்திரமான, உள் நிர்வாக மறுஆய்வு. சுதந்திரமானது, ஆனால் உள்ளேயே இருப்பது. பாரபட்சமற்றது, ஆனால் நிர்வாகமே செய்வது. வெளியிலிருந்து ஒரு மத்தியஸ்தர் வந்து தீர்ப்பைப் புரட்டக் கூடாது என்று ஒரு பெரிய மின் நிறுவனம் தொழிற்சங்கத்தோடு வழக்காடி, 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. பஞ்சாயத்துக்கு ஒரு வெளியாள் வந்தால் அணு உலை வெடித்துவிடுமாம்.

போகட்டும். இதே சோதனைகளை வேறோர் ஆளுக்கு வைத்துப் பார்க்கலாம். ஆள் ஒஹையோவைச் சேர்ந்தவர். பெயர் ஃபர்ஸ்ட்எனர்ஜி. தொழில், மின்சாரம் விற்பது. ஈரி ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ்ஸி என்கிற அணுமின் நிலையத்தை வைத்திருந்தவர். வரிசையில் நிற்கச் சொல்வோம்.

முந்தைய வேலை எப்படி?

2001இல் இதே மாதிரி உலைகளில் உலைக்கலன் மூடியின் குழாய்களில் விரிசல் தென்பட்டது. ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 31க்குள், உலையை நிறுத்திச் சோதியுங்கள் என்றது ஆணையம். கம்பெனிக்கு மனசு வரவில்லை. சோதித்தோம், பார்த்தோம், பரவாயில்லை என்று எழுதித் தந்தது. ஆணையமும் இறங்கி வந்து 2002 பிப்ரவரி 16 வரை ஓட்டிக்கொள்ளச் சொன்னது. மார்ச்சில் திறந்து பார்த்தால் ஆறரை அங்குலம் கனமுள்ள எஃகு மூடியில் அன்னாசிப்பழம் போகிற அளவுக்கு ஒரு குழி. கசிந்த போரிக் அமிலம் வருடக்கணக்கில் தின்றிருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கி நின்றது, அரை அங்குலம்கூட இல்லாத ஓர் உட்பூச்சுத் தகடு.

யாருக்கும் தெரியாதா? 2000ஆம் ஆண்டில் எடுத்த புகைப்படத்தில் மூடியின் ஓரத்துத் துளைகளிலிருந்து போரிக் அமிலப் படிவு செங்கல் நிறத்தில் வழிந்து உறைந்திருக்கிறது. அதைக் கடப்பாரையால் பெயர்த்திருக்கிறார்கள். காற்றைச் சோதிக்கும் கருவிகளின் வடிகட்டிகள் துருத்தூளால் அடைத்து அடைத்து மாற்ற வேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை நாம் பழமொழியாகத்தான் கேட்டிருக்கிறோம். இங்கே வெள்ளைப் போரான் சோற்றில் அதைச் செய்தே காட்டினார்கள். கடப்பாரை பிடித்தவரின் மூத்திரம் சுத்தம், கடன் சுத்தம், கைரேகை சுத்தம்.

ஆணையத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அதே ஆண்டு டிசம்பரில் எழுதியது: அந்த ஆறேழு வாரச் சலுகைக்குப் பெரும்பாலும் காரணம், கம்பெனிக்குப் பண நட்டம் குறையட்டும் என்கிற எண்ணம். செலவு–பலன் கணக்கு என்பது இப்படித்தான் நடக்கிறது, ஐயா. கையேட்டில் ஏழு சதவீதம், மூன்று சதவீதம் எல்லாம் அலங்காரம்.

உண்மை பேசுகிறவரா?

கம்பெனியின் அணுமின் பிரிவு 2006இல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தத்தில், தன் ஊழியர்கள் தெரிந்தே ஆணையத்துக்குப் பொய் சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டு 2.8 கோடி டாலர் கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆணையம் கேட்ட அபராதம் 54.5 லட்சம். பொறியாளர்கள் இருவர் குற்றவாளிகள் என்று 2007லும் 2008லும் தீர்ப்பானது. அவர்களை ஐந்தாண்டு அணுத்தொழிலிலிருந்து விலக்கி ஆணையம் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தது. கம்பெனிக்கு? 2004 மார்ச்சிலேயே உலையை மறுபடி ஓட்ட அனுமதி கிடைத்துவிட்டது.

சுற்றுவட்டாரத்தில் பெயர் எப்படி?

2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து கோடிப் பேர் இருட்டில் கிடந்தார்கள். இரு நாட்டுக் கூட்டுக்குழு நூல்பிடித்துப் போய் நின்ற இடம் ஒஹையோவில் இதே கம்பெனியின் மின்கம்பிகள். கம்பிக்குக் கீழே மரம் வெட்டாமல் விட்டிருந்தார்கள். மரம் வெட்டவும் செலவு–பலன் பார்த்திருப்பார்களோ என்னவோ.

கடன் வரலாறு?

அணு உலைகளை வைத்திருந்த துணை நிறுவனம் 2018 மார்ச் 31 அன்று திவால் மனு போட்டது. நம் வெல்டர் இதைச் செய்திருந்தால் உட்காரவைத்துக் குடைந்திருப்பார்கள்.

குற்றப் பின்னணி?

திவாலானவர் என்ன செய்தார்? ஒஹையோ சட்டமன்றத்தின் சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டர் தரப்புக்குச் சுமார் 6 கோடி டாலர் போனது. 2019இல் அணுமின் நிலையங்களைக் கைதூக்கிவிட 100 கோடி டாலருக்கு மேல் மக்களின் மின்கட்டணத்திலிருந்து பிடுங்கித் தர ஒரு சட்டம் வந்தது. 2020 ஜூலையில் சபாநாயகர் கைது. 2021இல் ஃபர்ஸ்ட்எனர்ஜி ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் அபராதம். 2023இல் சபாநாயகருக்கு 20 ஆண்டு சிறை. நெஞ்சம் கலங்கினால் காசு கொடுத்து வாங்கிவிடுவான் என்று வாசலில் பயந்தார்களே, வாங்குகிறவனே உலைக்குச் சொந்தக்காரன்.

வாசல் எல்லாவற்றையும் தடுத்ததா என்றால் அதுவும் இல்லை. 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்கிற கணினிப் புழு டேவிஸ்-பெஸ்ஸிக்குள் நுழைந்து, பாதுகாப்புத் தகவல்களைக் காட்டும் திரையை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் முடக்கியது. ஒப்பந்தக்காரர் ஒருவரின் இணைப்பு வழியாக, காவல் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது. உலை அப்போது ஓடாமல் நின்றிருந்ததால் பிழைத்தார்கள். புழுவிடம் யாரும் மூத்திரம் கேட்கவில்லை. (நம் கூடங்குளமும் இதில் சளைத்ததில்லை. 2019 அக்டோபரில், இங்கே கணினித் தாக்குதல் நடக்கவே வாய்ப்பில்லை என்று ஓர் அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மைதான் என்று இன்னொரு அறிக்கை.)

அதே டேவிஸ்-பெஸ்ஸியில் 1985 ஜூன் 9ஆம் தேதி அதிகாலை உலையைக் குளிர்விக்கும் ஊட்டுநீர் முழுக்க நின்றுபோனது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வால்வுகள் திறக்கவில்லை. ஆட்கள் சாவிகளை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள். பூட்டிய கதவுகளைத் திறந்து, பம்பு அறைகளுக்குள் இறங்கி, கையால் திருகித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். சதிகாரனுக்காகப் போட்ட பூட்டைக் காப்பாற்றப் போனவர்கள் திறந்துகொண்டு ஓட வேண்டியிருந்தது. நிமிடங்களில் நடந்து முடிந்த அந்த ஓட்டத்துக்குப் பலன் பக்கத்தில் என்ன விலை போடுவார்கள்? சம்பளம் வாங்குகிறவன் செய்த கடமைக்குத் தனி விலை கிடையாது.

நானும் ஒரு விதி முன்மொழிகிறேன், முறைப்படி செலவு–பலனோடு. அணுமின் கம்பெனிகளின் இயக்குநர்கள், தலைமை அதிகாரிகள், அவர்களுக்காகச் சட்டமன்றத்தில் பேசப் போகிறவர்கள் எல்லோருக்கும் கைரேகை, கடன் வரலாறு, மனநிலைத் தேர்வு, பழகியவர்களிடம் விசாரணை. ஆண்டுக்குப் பாதிப் பேருக்குக் குலுக்கல் முறையில் சோதனை, மூத்திரத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில். செலவு: கம்பெனிக்குப் பத்துப் பதினைந்து பேர், அவர்களின் பத்து விரல்கள், ஒரு மதிய நேரம். பலன்: டேவிஸ்-பெஸ்ஸியை இரண்டாண்டு மூடி வைத்துச் செப்பனிட்டு, மாற்று மின்சாரமும் வாங்கிய வகையில் மட்டும் போன ஏறத்தாழ 60 கோடி டாலர், அதன்மேல் அபராதங்கள். ஏழு சதவீதம் கழித்தாலும் தாங்கும்.

விதி எடுபடாது. காரணமும் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அனுமதிச் சோதனை முதன்மையாக, வேலிக்குள்ளே துணையில்லாமல் நடமாடுகிறவர்களுக்குத்தான். இவர்கள் வேலிக்குள் வரவே வேண்டியதில்லை. என்றைக்காவது சுற்றிப் பார்க்க வந்தாலும் தலைக்கவசம் மாட்டிவிட்டு, சோதனையெல்லாம் தேறிய ஒரு தொழிலாளியைத் துணைக்கு அனுப்புவார்கள். விருந்தாளி எதையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.